தேய்க்கக் கூடாத கால்

மச்சான்,

நான் அன்றைக்கே சொன்னேன். உன் காலில் என்ன வந்திருக்கிறது, அது எங்கே போய் முடியும் என்று முன்கூட்டியே சொன்ன ஒரே ஆள் இந்தப் பினாங்குத் தீவில் நான்தான். ஊரறிந்த கதை இது. நீ போய் நான்கு வருடமாகிறது, ஒருத்தரும் மறுத்துப் பேசியதில்லை. மறுக்கக்கூடிய ஒரே ஆள் நீ.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் உன் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்ததும் ஜாதிக்காய் எண்ணெய் வாசம். பாலிக் புலாவில் லோரியை ஓரங்கட்டி வாங்கிவருவாயே, மஞ்சள் மூடி போட்ட குட்டிப் போத்தல், அதே வாசம். ஒரு நொடி நீதான் உள்ளே காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாய் என்று நினைத்து, "என்ன மச்சான், இன்னிக்கு ஓட்டம் இல்லையா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

உள்ளே இருந்தது உன் மனைவி, என் தங்கச்சி. மீன் வாங்கப் போன பாசாரில் வழுக்கி விழுந்து, கணுக்காலில் மாவுக்கட்டுப் போட்டு ஆறு வாரம் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தவள். கட்டுப் பிரித்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. மடியில் துண்டு, கையில் போத்தல்.

"நல்ல நேரத்துக்கு வந்த அண்ணே. கெண்டைக்கால் ஒரே இழுப்பு. கொஞ்சம் அழுத்தித் தேச்சு வுடு."

கட்டுப் பிரித்த கால் மெலிந்துதானே இருக்க வேண்டும்? இது பலாப்பழம் மாதிரி இருந்தது. சரி, பலாப்பழம் இல்லை. மற்றக் காலைவிட இரண்டு விரல் பருமன் கூட. நீ இல்லாவிட்டாலும் நீ போட்டுவைத்த கணக்கு என்னை விடுவதில்லை. ஜுருவில் நான் பழைய கார் விற்கும் இடத்துக்கு, சரக்கு இறக்கிவிட்டு நீ கோப்பி குடிக்க வருவாய். வாங்க வந்தவனிடம் நான் அளந்துகொண்டிருப்பேன். நீ குறுக்கே புகுந்து, "எங்க மச்சான் பேச்சுல பாதி தள்ளுபடி பண்ணிக்குங்க, மிச்சப் பாதிக்கே இது நல்ல கார்தான்" என்பாய். அவனும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவான்.

புறங்கையை வைத்துப் பார்த்தேன். சூடு. தோல் சிவந்து பளபளத்தது. இரண்டு காலும் ஒன்றாக வீங்கினால் அது வேறு கதை. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால், அதுவும் பல நாள் அசையாமல் கிடந்த பிறகு என்றால், உள்ளே ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். இதை நான் ஆறாம் வகுப்புப் படிப்பை வைத்துச் சொல்லவில்லை. உன்னைக் கொடுத்துப் படித்த படிப்பு இது.

போத்தலைப் பிடுங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மூச்சு வாங்குகிறதா, நெஞ்சில் குத்துகிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். வெறும் நரம்புப் பிடிப்பு, நாளைக்குப் பார்க்கலாம் என்று இழுத்தாள். நாளைக்கு என்ற பேச்சே இல்லை என்று காரில் ஏற்றினேன். பத்தே நிமிடத்தில் ஆஸ்பத்திரி. நாற்பது என்று வைத்துக்கொள். ஜாலானெல்லாம் வண்டி நெரிசல்.

காலுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். முழங்காலுக்கு மேலே பெரிய ரத்தக்குழாயில் கட்டி. நான் விளக்கியதைக் கேட்டு மூன்று டாக்டர்கள் எழுந்து நின்றார்கள். ஒருவர்தான் எழுந்தார், அவரும் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போக. ஆனால் அந்தச் சின்ன டாக்டரம்மா பொறுமையாக உட்கார்ந்து எல்லாம் சொன்னார். முதலில் வயிற்றுத் தோலில் ஊசி, பிறகு மாத்திரை, குறைந்தது மூன்று மாதம். மருந்து கட்டியைக் கரைக்காதாம், வளரவிடாமல் பிடித்துவைக்குமாம், உடம்பே மெல்ல மெல்லக் கரைத்துக்கொள்ளுமாம். பழைய மாத்திரை என்றால் அடிக்கடி ரத்தம் சோதிக்க வேண்டும், கீரையைக் கூட ஒரே அளவாகத்தான் சாப்பிட வேண்டும். புதிய மாத்திரையில் அந்தத் தொல்லை குறைவு. எதுவானாலும் ஈறில் ரத்தம் வந்தால், மலம் கறுத்தால், உடனே வர வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது. உயிர் போகிற நிலை என்றால் கட்டியையே கரைக்கிற மருந்து உண்டு, ஆனால் அது மூளையில் ரத்தம் கசியவைக்கலாம் என்பதால் எல்லோருக்கும் கொடுக்கமாட்டார்களாம்.

உனக்கு அதையும் கொடுத்துப் பார்த்தார்கள், மச்சான். நேரம் கடந்துவிட்டது. ஜோகூருக்குப் போய்த் திரும்பி, பாதி நாள் இருக்கையை விட்டு இறங்காமல் ஓட்டி வந்தவன் நீ. ஞாயிறு அன்று இடது கால் வீக்கம். புதன்கிழமை மேம்பாலப் படியில் இரண்டு தடவை நின்றாய். மூச்சு இழுத்தால் நெஞ்சில் குத்துகிறது, வாயு என்றாய். இஞ்சித் தண்ணீர் குடித்தாய். கைக்குட்டையில் துளி ரத்தம் இருந்ததைத் தொண்டைப் புண் என்றாய். ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டிய நேரம் அதுதான். மறுநாள் காலை குளியலறை வாசலில் விழுந்தாய். காலில் இருந்த கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது என்றார்கள்.

உன்னைக் கிடத்தியிருந்த அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள். யாரும் கவனிக்கவில்லையா என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நான் சொன்னேன், ஆஸ்பத்திரிக்குப் போன்னு. கேக்கல" என்றேன்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் தங்கச்சி உன் படத்துக்கு விளக்கு வைத்துவிட்டு உன்னைத் திட்டுகிறாள். செவ்வாய்க்கிழமையும் வார்டில் படுத்துக்கொண்டு, ஊசி போட்ட வயிற்றைத் தடவியபடி அதையேதான் சொன்னாள்.

"அவருக்கும் இதத்தானே சொன்ன. கேட்டாரா? யாருகிட்டயோ போயி தேச்சுக்கிட்டு வந்தாரு. நான் உன் பேச்சக் கேட்டேன்லா, பொழச்சேன்."

நான் வெளியே வந்து டாக்டரம்மாவைத் தேடிப் போனேன். தெரிந்தவர் ஒருவருக்குக் கால் வீங்கியபோது யாரோ தேய்த்துவிட்டார்கள், அதனால்தான் போனாரா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது, தானாகவும் நகர்ந்திருக்கலாம், ஆனால் அப்படி வீங்கிய காலை அழுத்தித் தேய்க்கக் கூடாது என்றார். அதில் பாதி தள்ளுபடி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நீ போன பிறகு என் பேச்சை எல்லோரும் முழு விலைக்கு வாங்குகிறார்கள், மச்சான். பக்கத்தில் உட்கார்ந்து குறைத்துக் கொடுக்க ஆள் இல்லை. அதுதான் பெரிய குறை. அந்தப் போத்தல் இன்னும் என்னிடமே இருக்கிறது. சட்டையைத் துவைத்தாலும் வாசம் போகவில்லை. இந்த வெள்ளிக்கிழமை, அவள் உன்னைத் திட்ட ஆரம்பிக்கும் முன்னால் சொல்லிவிட வேண்டும். உன்னிடம் முதலில் சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும்.

நான் சொல்லவே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி ஷிப்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் நாம் இருவர் மட்டும். ஆஸ்பத்திரி என்ற வார்த்தையையே நான் எடுக்கவில்லை. "லோரி ஓட்டுறவன் காலு வீங்காம என்ன செய்யும், கொடு இங்க" என்று போத்தலை வாங்கி, அரை மணி நேரம் அழுத்தி அழுத்தித் தேய்த்தது நான்தான். நீ கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டு சொன்னாய்:

"மச்சான் பேச்சுலதான் பாதி தள்ளுபடி. கைல இல்ல."