பெயர் சொல்லாத வீட்டில் பெயர் கேட்கும் போன்

சிவமயம்

காரைக்குடி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சிவரஞ்சனிக்கு அப்பச்சி எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் நானும் உன் ஆத்தாவும் நல்லபடியாக நடமாடிக்கொண்டிருக்கிறோம். தைப்பேயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் சளி என்று எதுவும் இல்லாமல் இருப்பாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். இங்கே இரண்டு நாளாக மழை, முற்றத்தில் தண்ணீர் நின்று வடிந்துவிட்டது, ஆத்தாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முன்னாலேயே முனகத் தொடங்கி, மழை விட்ட பிறகும் முனகிக்கொண்டிருக்கிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம், நீ அனுப்பிய போன் விஷயத்தையும் சேர்த்துத்தான். நீதான் கூடாது என்றாய். "பேசினா என் குரல் இறங்குறதைக் கேட்டுட்டு நீங்க பாதியிலேயே மாத்திச் சொல்லிருவீக. எழுதி அனுப்புங்க. பத்திரிகைக்கு எழுதின மாதிரியே எழுதுங்க, குப்பைன்னா குப்பைன்னே போடுங்க" என்றாய். பத்திரிகையை விட்டு வந்த பிறகு என்னிடம் இப்படி யாரும் செய்தி கேட்டதில்லை. அதனால் கொஞ்சம் உற்சாகமாகவே வேலை பார்த்தேன் என்று வைத்துக்கொள்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள். சோதனைக்கு அனுப்பிய இந்தப் போனில் மற்றப் போன்களில் இல்லாத நான்கு விசேஷங்கள் இருக்கின்றன. பின்பக்கம் ஒரு சின்னத் திரை, நிறுத்தி வைப்பதற்கு விரியும் ஒரு கால், அழுத்திப் பெயரைச் சொன்னால் அவர்களைக் கூப்பிடும் ஒரு பட்டன், அழைப்பு வந்தால் ஆளுக்கொரு நிறத்தில் எரியும் ஒரு விளக்குப் பட்டை. நான்கில் ஒன்று நீ செய்தது. எது என்று சொல்ல மாட்டாய், சொன்னால் நான் சாய்ந்துவிடுவேன். மாதக் கடைசியில் உங்கள் அலுவலகக் கூட்டம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்துவிடும். உன்னுடையது போனால் அதற்காக நீ உழைத்த உழைப்பும் போய்விடும். எது உண்மையில் உதவுகிறது, எது வெறும் ஜிகினா என்று ஊர்க்காரர் கையில் கொடுத்துப் பார்த்து எழுத வேண்டும். இவ்வளவுதானே?

பின்திரையை மருதுபாண்டியிடம் கொடுத்துப் பார்த்தேன். பெரிய வீடுகளைச் சுற்றிப் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்களுக்கு வழிகாட்டுகிறவன், உனக்குத்தான் தெரியுமே. படம் எடுக்கும்போது எதிரே நிற்பவர்கள் தங்கள் முகத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிக் கொடுத்தேன். முதல் நாள் எல்லோரும் சிரித்தார்களாம். அடுத்த நாள் ஒரு அம்மாள் அதைப் பார்த்துத் தலை வாரத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லையாம். பிறகு தூண்களைக் காட்டினால் யாரும் தூணைப் பார்க்கவில்லை. "ஐயா, இது போனா சலூனா? நம்ம பொழப்புல மண்ணள்ளிப் போட்றாதீக" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். காலைப் பொறுத்தவரை, ஆத்தாவுக்கு அது பிடித்திருக்கிறது. அடுப்படியில் நிற்க வைத்துவிட்டுக் கோலப் போட்டி பார்க்கிறாள். ஆனால் அதற்கு முன்பும் போனைச் சம்படத்தின் மேல் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எனக்கோ அது சட்டைப்பைக்குள் விரிந்துகொண்டு வெளியே வர மறுக்கிறது. வங்கியில் அதை எடுக்க நான் பட்ட பாட்டைக் கண்டு காவலாளி கிட்டத்தில் வந்துவிட்டார்.

விளக்கைப் பார்த்த அன்றே தீர்ப்பு எழுதிவிட்டேன். கல்யாண மண்டபத்து சீரியல் செட்டைப் போனுக்குள் அடைத்ததுபோல இருக்கிறது, குப்பை, என்பதுதான் நான் எழுதிய வாசகம். பட்டனுக்குத்தான் முதலிடம் கொடுத்திருந்தேன். கண்ணாடியைத் தேட வேண்டியதில்லை, எழுத்தைத் தடவ வேண்டியதில்லை, அழுத்தி "பொன்னழகு" என்றால் என் நண்பர் பொன்னழகு பேசுகிறார். இதுதான் வேலைக்கு ஆகிற பொருள் என்று அரைப்பக்கம் பாராட்டி எழுதி வைத்திருந்தேன். உறுத்தியது ஒன்றுதான், உன் ஆத்தா அந்தப் பட்டனைத் தொடுவதோடு சரி. அழுத்துவாள், அது "யாரை அழைக்க வேண்டும்? பெயரைச் சொல்லுங்கள்" என்று இனிமையாகக் கேட்கும், அவள் போனை மேசை மேல் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள். கேட்டால், "அதுக்குக் காது சரியில்லை" என்பாள். இயந்திரத்தோடு பேசக் கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு விட்டேனே, இன்னொரு கேள்வி கேட்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை பள்ளத்தூர்ப் பெரிய வீட்டில் படைப்பு. பங்காளிக் குடும்பத்துப் புள்ளிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். உன் அண்ணன் கோவையிலிருந்து மனைவி மீனலோசனியோடு முதல் நாளே வந்துவிட்டான். முன்னோருக்கு வைக்க வேண்டிய புதுச் சேலை, வேட்டியைக் கொண்டுவருவது இந்த வருடம் மானகிரி நாராயண் பொறுப்பு. புதுவயல் ஆலையில் அரிசியையும் ஏற்றிக்கொண்டு காரில் வருவதாகச் சொல்லியிருந்தான். அடுக்களையில் எல்லாம் தயார், இலை நறுக்கியாயிற்று, சேலையைக் காணோம். பெரியாத்தாள், உன் சித்தி, உன் ஆத்தா மூவர் கையிலும் கடைசிப் பலகாரத்து மாவு. எழுத்தைத் தடவ முடியாது. ஆத்தா முழங்கையால் அந்தப் பட்டனை அழுத்தினாள். "பெயரைச் சொல்லுங்கள்" என்றது போன். மறுபடியும் கேட்டது. ஆத்தா பெரியாத்தாளைப் பார்த்தாள், பெரியாத்தாள் சித்தியைப் பார்த்தாள், சித்தி அடுப்பைப் பார்த்தாள். கடைசியில் பெரியாத்தாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "யாருடி இவ, எங்க மாமனார் பேரை எங்ககிட்டயே கேக்குறா?" என்றாளே பார்க்கலாம்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. என்னைப் பெற்ற உன் ஐயாவின் பெயர் நாராயணன். மூன்று மகன்களும் தலைப்பிள்ளைக்கு அந்தப் பெயரையே வைத்தோம், கோவைக்கு ஒரு நாராயண், மானகிரிக்கு ஒரு நாராயண், சிங்கப்பூருக்கு ஒரு நாராயண். மருமகள்கள் மூவரும் மாமனார் பெயரை வாயால் சொன்னதில்லை. சொந்த மகனையே உன் ஆத்தா இன்றுவரை தம்பி என்றுதான் கூப்பிடுகிறாள். அவளுடைய போனில் அதிகம் தேவைப்படுகிற மூன்று பேரும் அவள் சொல்ல முடியாத பெயர்க்காரர்கள். இது உனக்கும் எனக்கும் தெரியும். தெரிந்ததை நாம் இருவரும் எங்கே வைத்தோம் என்றுதான் தெரியவில்லை.

நான் எழுந்து போய்ப் பெயரைச் சொல்வதற்குள் ஆத்தா முந்திக்கொண்டாள். மறுபடி அழுத்தி "மானகிரி" என்று மட்டும் சொன்னாள். உடனே மணி அடித்தது, அந்தப் பக்கம் எடுத்தார்கள், "சேலை எங்கப்பா? இலை போட்டாச்சு" என்றாள். "ஆச்சி, நான் மோட்டார் காயில் கட்டுறவன். சேலை எதுவும் எடுக்கலையே" என்று பதில் வந்தது. மானகிரி எலக்ட்ரீஷியன் உதயகுமார். சித்தி சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. மீனலோசனி ஓடிவந்து, "நகருங்க அயித்தை, அது எம்புருசன் பேருதான், நான் சொல்லிட்டுப் போறேன்" என்று போனைப் பார்த்து "நாராயண்" என்றாள். முற்றத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த உன் அண்ணனின் பையில் மணி அடித்தது. அவன் வாளியை வைத்துவிட்டு, கையைத் துடைத்து, எடுத்து, "என்ன?" என்றான். "உங்களை இல்லை, போங்க" என்று வைத்துவிட்டாள். அவன் பாவம், தூணுக்கு அந்தப் பக்கம் நின்று போனையும் அடுக்களையையும் மாறி மாறிப் பார்த்தான்.

இந்த அமளியில் போனைக் குப்புற வைத்துவிட்டார்கள். அப்போது அதன் முதுகில் பச்சை எரிந்தது. வந்த அன்று இரவே மீனலோசனி விளையாட்டாக ஆளுக்கொரு நிறம் போட்டு வைத்திருக்கிறாள், சிங்கப்பூருக்கு நீலம், மானகிரிக்குப் பச்சை, தன் புருசன் கோபக்காரர் என்று அவனுக்குச் சிவப்பு. ஓசை எதுவும் கேட்கவில்லை, அத்தனை பேச்சு. அடுக்களையின் அந்தக் கோடியிலிருந்து உன் ஆத்தா மட்டும் பார்த்துவிட்டு, "பச்சை! பச்சை கூப்புடுறான், எடுங்கடி!" என்று கத்தினாள். எடுத்துக் கேட்டால், ஆலை வாசலில் முன்னும் பின்னும் நெல் லாரிகள், நடுவில் அவன் கார். வெகு நேரமாக அழைத்துக்கொண்டிருக்கிறான். உன் அண்ணன் பைக்கில் போய்ச் சேலையை வாங்கிவந்தான். படைப்பு நல்லபடியாக முடிந்தது. ஆலை அரிசி மட்டும், நாங்கள் வீட்டில் இருந்ததைச் சமைத்துச் சாப்பிட்டு எழுந்த பிறகு வந்தது. அன்றைக்கு மூன்று பெண்களும் அவனைப் பச்சை என்றே கூப்பிட்டார்கள், அவனும் திரும்பிப் பார்த்தான்.

ஆகவே விளக்கு குப்பை என்று எழுதியதை அடித்துவிட்டேன். பத்திரிகையில் திருத்தம் போடுவது எனக்குப் புதிதில்லை. வீடு திரும்பும்போது காரில் இதை ஆத்தாவிடம் சொல்லி, பட்டனை முதலிடத்திலிருந்து இறக்கப்போகிறேன் என்றேன். கோட்டையூர் தாண்டியதும் சொன்னாள், "அந்தப் பட்டன்தாங்க நம்ம புள்ள செஞ்சது." நீ அவளிடம் முன்பே சொல்லிவிட்டாயாம். ஆத்தாவின் கண்ணுக்குப் போன் எழுத்து தெரியவில்லை என்பதற்காகவே அதை நினைத்தாய் என்றும் சொல்லியிருக்கிறாயாம். அதனால்தான் பட்டன் தனக்கு உதவவில்லை என்று அவள் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நல்லாருக்குன்னு ஒரு வரி எழுதிட்டுப் போறீக, உங்களுக்கு என்ன கொறைஞ்சு போகுது? புள்ள ஆசையாச் செஞ்சிருக்கா" என்றாள். அதற்கான பதிலை உனக்குச் சொல்கிறேன்.

இந்தக் கூட்டத்தில் ஒன்றைத்தான் வைக்க முடியும் என்றால் விளக்கை வை. அது உன்னுடையது இல்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். உன் பட்டன் எனக்கு நன்றாக உதவுகிறது, யாருக்காகச் செய்தாயோ அவளுக்கு உதவவில்லை. அதற்காக அது ஜிகினா ஆகிவிடாது. அது தப்பான கேள்வி கேட்கிறது, அவ்வளவுதான். பதிந்திருக்கும் பெயரைக் கேட்கிறது. வீட்டில் யார் பதிந்த பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? தம்பி, மானகிரியான், சின்னவன், ஒன்றும் இல்லாவிட்டால் பச்சை. அந்தந்த வீட்டுக்காரர் கூப்பிடுகிற சொல்லை ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் அதையே பிடித்துக்கொள்ளும்படி செய்ய முடியுமா என்று பார். மாமனார் பெயர் சொல்லாத பெண்கள் காரைக்குடியில் மட்டும் இருக்கமாட்டார்கள், உன் கூட்டத்தில் இருப்பவர்களின் வீடுகளிலும் ஏதாவது ஒரு சொல்லாத பெயர் இருக்கும், கேட்டுப் பார். அடுக்களையில் நடந்ததை நீயே முதலில் சொல்லிவிடு. குறையை அடுத்தவர் சொல்லக் கேட்பதைவிட, அதை நீயே கண்டுபிடித்ததாகச் சொல்வது நல்லது. இது அப்பச்சியாகச் சொல்கிற புத்தி, செய்தியில் சேராது.

செய்தியில் சேருவது இன்னும் ஒன்று இருக்கிறது. நேற்றுக் காலை உனக்கு ஒரு அழைப்பு வந்து, நீ இரண்டு தரம் "ஹலோ" என்றதும் நின்றுபோயிருக்கும். நான் குளித்துவிட்டு வந்தபோது ஆத்தா போனைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றிருந்தாள். யாரும் இல்லாத நேரத்தில் பட்டனை அழுத்தி, உன் பெயரைச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அந்தப் பெயருக்கு அவளுக்கு எந்தத் தடையும் இல்லையே. சொல்லி வாய் மூடுவதற்குள் உன் குரல் கேட்டுவிட்டது, பயந்து வைத்துவிட்டாள். "இம்புட்டு வேகமா வருவான்னு தெரியலையே" என்று என்னிடமே கேட்டாள். ஆகவே நியாயமாக இதையும் எழுத வேண்டும், இந்த வீட்டில் உன் பட்டன் ஆத்தாவுக்கு ஒரே ஒரு பெயருக்கு வேலை செய்கிறது.

இரவு வெகுநேரம் கண்விழிக்காதே. கூட்டம் எப்படி முடிந்தாலும் அன்றைக்கு ஒழுங்காகச் சாப்பிடு. சித்தி கொடுத்த மனகோலமும் சீப்புச் சீடையும் சிங்கப்பூர் வழியாகத் தைப்பே வருகிற ஒருவர் கையில் கொடுத்திருக்கிறோம், நொறுங்கியிருந்தால் குறைசொல்லாமல் தின்றுவிடு. பிள்ளையாரும் குலதெய்வமும் உனக்குத் துணை நிற்க, எடுத்த காரியத்தில் நீ நன்றாக வர நாங்கள் இருவரும் மனதார வாழ்த்துகிறோம். ஒன்றை மட்டும் மறக்காதே. இனி அப்படி அழைப்பு வந்து எதிர்ப்பக்கம் பேச்சில்லை என்றால், வைத்துவிடாமல் கொஞ்சம் பொறு. அவள் பேசுவாள்.

உன் நலமே நினைக்கும் அப்பச்சி,
வயிரவன்

ஆத்தா தேனம்மை பக்கத்தில் இருந்து முழுவதையும் படிக்கச் சொல்லிக் கேட்டாள். எதையும் அடிக்கச் சொல்லவில்லை.