புறாத் தூசும் என் தாளிப்பும்

மோனிகா அப்பாவுக்கு,

குக்கரில் சோறு, சட்டியில் நெத்திலிக் குழம்பு இருக்கிறது.

"இவ தாளிக்கிற பொகையாலதான் மூச்சு வாங்கிக்கினு கெடக்குறேன்" என்று எட்டு மாதமாக உங்கள் அக்காவிடமெல்லாம் சொன்னீர்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. காரணம் உங்கள் பந்தயப் புறாக்கள்.

நிதானமாகப் படியுங்கள். காலை ஆறு மணிக்குக் கூண்டைப் பெருக்கும்போது எச்சத்தூள் நுரையீரலின் அடிவரை போகிறது. பல வருடமாகச் சுவாசித்ததில் உங்கள் உடம்பு அதை எதிரியாகக் குறித்துவைத்திருக்கிறது. தூள் உள்ளே போனதும் வெள்ளை அணுக்கள் திரண்டு வந்து சண்டை போடும், நுரையீரல் வீங்கும். ஆஸ்துமா மாதிரி உடனே இழுக்காது. அந்தப் படை திரளவே ஆறு மணி நேரம் ஆகும். அதனால்தான் மதியம் நான் தாளிக்கும் நேரத்தில் இருமினீர்கள். கூண்டு தப்பித்தது, நான் மாட்டிக்கொண்டேன்.

இப்படியே விட்டால் நுரையீரல் தழும்பாகிவிடும், பிறகு சரியாகாது என்கிறார் டாக்டர்.

இன்று பத்து மணிக்குக் கவரைப்பேட்டை யேசுதாஸ் அண்ணன் புறாக்களை எடுத்துப்போக வருவார். அதற்குள் பறக்கவிட்டு நாடகம் ஆடாதீர்கள். சாயங்காலமே வீடு திரும்பும் என்று எனக்கும் தெரியும்.

கூண்டு காலி என்று அவர் போன் செய்தால்தான் நானும் மோனிகாவும் செவ்வாப்பேட்டை அம்மா வீட்டிலிருந்து வருவோம்.

ஹெலன்

அடைகாக்கும் சாம்பல் பெட்டையை முட்டையோடு பெட்டியில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் தொடாதீர்கள்.