கழுவக் கூடாத பாட்டில்

என் செல்ல வாலுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன், நம்பத்தான் முடியும், பார்க்கவா முடிகிறது. அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது, மருந்தைத் தொடாமலே விட்டதில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அந்தப் பழைய இயந்திரத்தை வெள்ளிக்கிழமை கழற்றிவிட்டார்கள், புதியது சத்தமே போடுவதில்லை, ஓடுகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை போனில், கோடை ஆராய்ச்சிப் பயிற்சி கிடைக்கவில்லை, லீவுக்கு வீட்டுக்கே வருகிறேன் என்றாய். நானும் சந்தோஷத்தில் உன் மெத்தை உறையைத் துவைத்துப் போட்டேன். மறுநாள் உன் அக்காவைத் துருவித் துருவிக் கேட்டதில், "கெடச்சிடுச்சும்மா, அவதான் வேணாம்னு எழுதப் போறா" என்று உளறிவிட்டாள், அவளைத் திட்டாதே. நுண்ணுயிரியல் படிக்கிற இத்தனை பிள்ளைகளில் எட்டுப் பேரைத்தான் எடுத்தார்களாம், எங்கள் சலவைக்கூடத்து வடிகால் குழாயில் சுடுநீருக்கும் சோப்புக்கும் சாகாமல் ஒட்டிக்கிடக்கும் வழவழப்பைப் பற்றி நீ எழுதியது பேராசிரியருக்குப் பிடித்துப்போய், வரும்போது அதைக் கொண்டுவா என்றாராம். அதைத்தான் போன லீவில் நான் தொலைத்துக் கட்டினேனே, குளிர்பெட்டியில் நீ அதை எடுத்து வைத்திருந்த பாட்டிலைப் பார்த்ததும் ஏதோ கெட்டுப்போனது என்று கொதிநீர் ஊற்றிக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். "போகட்டும் விடும்மா" என்று சொல்லிவிட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாய், எனக்குக் கேட்காது என்றா நினைத்தாய். இருபது வருடமாகக் கிருமியைக் கொல்லச் சம்பளம் வாங்குகிறேன், அதை வளர்க்க ஒரு பெண்ணைப் பெற்று வைத்திருக்கிறேன், என்னத்தைச் சொல்ல. இன்னொன்று எடுத்துக் கொடு என்று கேட்டிருக்கலாம், கேட்டால் நான் செய்தது எனக்கு உறைக்கும் என்றுதான் பொய் சொன்னாய், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இயந்திரத்தைக் கழற்றுவதற்கு முதல் நாளே அந்த வடிகால் குழாயைத் திறக்கச் சொல்லி, கையுறை போட்டு, போன லீவில் நீ எடுத்தபோது செய்ததுபோலவே கொதிக்க வைத்த கரண்டியால் வழித்துச் சின்ன பாட்டிலில் எடுத்தேன். எங்கள் மேற்பார்வையாளர் அம்மாள், "சுத்தம் பத்தலன்னு எங்கிட்டயே சண்ட போட்ட ஆளு, இப்போ அழுக்கப் பொத்திப் பொத்தி எடுத்துட்டுப் போறியே" என்று சிரித்தாள். தேதி, நேரம், தண்ணீரின் சூடு எல்லாம் எழுதி ஒட்டியிருக்கிறேன். அடுத்த வாரம் அக்கா அங்கே வரும்போது ஐஸ் பையில் வைத்துக் கொண்டுவருவாள். பேராசிரியரிடம் உள்ளதை உள்ளபடி சொல், பழையதை அம்மா கழுவிவிட்டாள், இது புதிதாக எடுத்தது என்று சொல், என் பெயர் கெட்டால் கெடட்டும். நீ இந்த லீவுக்கு வராதது எனக்கு வருத்தம்தான், உறையை மடித்து வைக்கும்போது கண் கலங்கிவிட்டது. ஆனால் என்னால் நீ போகாமல் இருந்தால் உன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்.

ஆய்வுக்கூடத்தில் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்காதே. எடுத்த காரியம் கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும், அப்பாவும் அதையே சொல்லச் சொன்னார். பயிற்சிக்கு வருகிறேன் என்று பத்தாம் தேதிக்குள் அவர்களுக்கு எழுதிவிடு, மறந்துவிடாதே. அக்கா வரும்வரை பாட்டில் ஒரு டப்பாவுக்குள் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் தனியாக இருக்கிறது. கதவில் பெரிய எழுத்தில் சீட்டு ஒட்டியிருக்கிறேன், கழுவாதே என்று. வேறு யாருக்கு, எனக்குத்தான்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா