முதலாளி தூங்குகிறார்

நவம்பர் 4, செவ்வாய்

மறுபடியும் தோற்றோம். அதுவும் சொந்த ஊர்க்காரர்கள் முன்னால். ஆட்டம் முடிந்து உடை மாற்றும் அறையில் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நாலே சுவர் உள்ள அறையில் பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கொரு சுவர் எப்படிக் கிடைத்ததோ! இந்த சீசனில் எங்கள் அணியின் ஒரே சாதனை அதுதான்.

புது கோச் எங்களுக்குள் ஒற்றுமையை வளர்க்கப் போகிறாராம். போன ஞாயிறு ஒரு பூங்காவுக்குக் கூட்டிப்போய், ஒருத்தி கண்ணை மூடிப் பின்னால் சாய வேண்டும், இன்னொருத்தி தாங்கிப் பிடிக்க வேண்டும் என்றார். எனக்கு ஜோடியாக வந்து வாய்த்தவள் இடதுகை, இடது கையால் ஆடுவதால் அந்தப் பெயர். எங்கள் அணியிலேயே குறி தப்பாமல் கூடையில் போடுகிறவள். போன வருஷம் ஒரு பேட்டியில் 'கேப்டனுக்குக் கால் தளர்ந்துவிட்டது' என்று திருவாய் மலர்ந்தவளும் அவள்தான். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு வார்த்தை கிடையாது. முதுகு வலி என்று சொல்லித் தப்பித்தேன். இவள் பிடிப்பாள் என்று எந்த நம்பிக்கையில் சாய்வது?

சம்பளத்துக்குக் கூடைப்பந்து ஆடுகிறவள் நான். வந்தோமா, ஆடினோமா, வீட்டுக்குப் போனோமா என்று இருக்கணும். கூட ஆடுகிறவளின் பிறந்த நாள் எனக்கு எதற்கு?

கிளம்பும்போது மேனேஜர் தனியாகக் கூப்பிட்டார். நெட்டையைப் பற்றிப் பேச. வளையத்துக்கு அடியில் நிற்கிற எங்கள் உயரக்காரி, பிரசவம் ஆகி இந்த சீசனில்தான் திரும்பியிருக்கிறாள். புருஷனுக்குக் கப்பலில் வேலை, மார்ச்சில்தான் வருவான். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த பெண்மணி சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, நெட்டை பயிற்சிக்கு மட்டம் போட ஆரம்பித்தாள். இன்னும் ஒரு தடவை வராவிட்டால் ஒப்பந்தம் ரத்து. அதில் தப்பித்தாலும் ஜனவரி கடைசியில் அவளை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு. வேறொரு உயரக்காரியிடம் பேசி வைத்தாயிற்றாம். கேப்டன் என்ன நினைக்கிறீர்கள் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? நானாக இருந்தால் போன வாரமே அனுப்பியிருப்பேன்.

நவம்பர் 6, வியாழன்

நெட்டை குழந்தையைக் கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு பயிற்சிக்கே வந்துவிட்டாள். ஆறு மாசப் பையன். கோச் கூடையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அழுது பயிற்சி நின்னா, நீ வராத மாதிரிதான் எழுதுவேன்" என்றார். பிறகு விசிலைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

கூடையை கோர்ட் ஓரத்தில், பெஞ்சுக்குப் பின்னால் வைத்தோம். பந்து தொம் தொம்மென்று தரையில் விழுகிற சத்தத்திலேயே பையன் தூங்கிப்போனான். ஷூ கிறீச்சிட்டபோதும் அசையவில்லை. வயிற்றில் இருந்தபோதே கேட்டுப் பழகிய சத்தம்தானே. ஆனால் எங்களில் சின்னவள் ஒருத்தி இருக்கிறாள், வாயாடி. தூக்கத்திலும் பேசுகிற ஜாதி. இடது பக்கம் ஆள் வருகிறாள் என்று அவள் போட்ட கூச்சலில் பையனின் கண் திறந்தது. உதடு பிதுங்கியது.

அத்தனை தடிச்சிகளும் நின்ற இடத்தில் சிலையாக நின்றோம். பந்து தன் பாட்டுக்கு உருண்டு போனது. நெட்டையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உதடு மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கு வந்தது. கண் மூடியது.

அதற்கப்புறம் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. கையைக் காட்டினோம், கண்ணைக் காட்டினோம், பாதி நேரம் ஒருத்தி மேல் ஒருத்தி முட்டிக்கொண்டோம். பேசாமல் தடுப்பாட்டம் ஆடுகிற அணியை வாழ்க்கையில் பார்த்ததில்லை, வாயைத் திறந்து பேசுங்கள் என்று கோச் கடிந்துகொண்டார். அதையும் கிசுகிசுத்துத்தான் சொன்னார்.

நவம்பர் 7, வெள்ளி

வாயாடி காலை முழுக்கப் பேசவில்லை. பெற்றவளிடம் சொன்னால்கூட நம்பமாட்டாள்.

நவம்பர் 18, செவ்வாய்

பையனுக்கு முதலாளி என்று பெயர் வைத்தாயிற்று. அவர் தூங்கினால்தான் எங்களுக்கு வேலை ஓடும். மரியாதை தன்னால் வந்துவிட்டது.

நேற்று நெட்டை நின்றுகொண்டே கண் அயர்ந்தாள். பந்து மூக்கில் பட்டு விழித்தாள். அதைப் பார்த்துவிட்டு வாயாடி ஒரு ஏற்பாடு செய்திருக்கிறாள். தினமும் பயிற்சி முடிந்ததும் இரண்டு பேர் நெட்டை வீட்டுக்குப் போய் முதலாளியைப் பார்த்துக்கொள்வது, அந்த நேரம் அவள் தூங்குவது. எனக்குக் குழந்தை என்றால் ஆகாது என்று சொல்லிப் பார்த்தேன். அக்கா பெற்றதுகளையே விரல் நுனியால் தொட்டவள் நான். வாயாடி விடவில்லை. போதாக்குறைக்கு என்னை யாரோடு சேர்த்தாள் தெரியுமா? இடதுகையோடு. வேண்டுமென்றேதான். அந்தக் குட்டிச்சாத்தானுக்கு விவரம் அதிகம்.

நெட்டை வீடு மூன்றாவது மாடி. இரண்டு அறை, காயப்போட்ட குட்டித் துணிகளுக்கு நடுவே குனிந்து குனிந்து நடக்க வேண்டும். எங்கள் உயரத்துக்கு அது ஒரு தண்டனை. வந்துவிட்டேன் என்று சொல்ல வாசலிலிருந்து ஃபோன் போட்டேன். கதவைத் திறந்த நெட்டையின் கையிலிருந்த ஃபோனில் என் படத்தோடு 'சிடுமூஞ்சி' என்று வந்தது. அணி முழுக்க எனக்கு அதுதான் பெயராம். ஒரு நிமிஷம் சுருக்கென்றது. அப்புறம் அந்தப் படத்தைப் பார்த்தேன். பொருத்தம்தான்.

நானும் இடதுகையும் முதலாளியைக் குளிப்பாட்டினோம். அவள் குழந்தையின் கழுத்தைத் தாங்கிக்கொள்ள, நான் தண்ணீர் ஊற்ற. பேசிக்கொள்ளவில்லை. சோப்புப் போட்ட குழந்தையை யாராவது பிடித்திருக்கிறீர்களா? யாரைக் கேட்கிறேன், இது என் நாட்குறிப்பு. வழுக்கிக்கொண்டே போகிறது. நான் குவளையை எடுப்பதற்குள் அவள் குழந்தையைத் திருப்பியிருப்பாள். அவள் திருப்பப் போகிறாள் என்பது எனக்கும் முன்னாலேயே தெரிந்தது. எப்படி என்று கவனித்தேன். முதலில் தோள் திரும்புகிறது. கை அப்புறம்தான் வருகிறது. இரண்டு வருஷமாக இவளோடு ஆடுகிறேன், இது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்கிற மாதிரி நான் இவளைப் பார்த்ததே இல்லையா?

கடைசியில் "துண்டு" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு எங்களுக்குள் நடந்த பேச்சு இவ்வளவுதான்.

நவம்பர் 22, சனி

ஆட்டத்தில் இடதுகையின் தோள் திரும்பியது. கை வருவதற்கு முன்பே பந்தைப் போட்டேன். அவள் எறிந்தது கூடையில் விழுந்தது. தெரியாமல் கொடுத்துவிட்டேனோ என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். அடுத்த தடவையும் கொடுத்தேன். ஜெயித்தோம்.

டிசம்பர் 9, செவ்வாய்

காலையில் நெட்டையிடமிருந்து ஃபோன். ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். முதலாளிக்குக் காய்ச்சல். பயப்பட ஒன்றுமில்லை, மத்தியானம்வரை வைத்திருந்து பார்க்கிறோம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பயிற்சிக்கு வர முடியாது, மேனேஜரிடம் சொல்லிவிடுங்கள் என்றாள். அழவில்லை. தீர்மானம் செய்துவிட்ட குரல்.

எனக்கு ஏன் அப்படிக் கோபம் வந்ததென்று தெரியவில்லை. நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டில் ஓரத்தில், முழங்கால் மோவாயில் இடிக்கிற மாதிரி ஒரு சின்ன நாற்காலியில் மடங்கி உட்கார்ந்திருந்தாள்.

"நீ போகலைன்னா உன் வேலை போயிடும். நான் போகலைன்னா திட்டுதான் விழும். கிளம்பு" என்றேன்.

"இவனை விட்டுட்டு எப்படிக்கா போறது?"

"என்கிட்டதான விட்டுட்டுப் போற."

"அதான்க்கா பயமா இருக்கு" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். போனாள்.

காலை முழுக்க அவன் என் மேல் கிடந்தான். என் கை நீளம்கூட இல்லாத உடம்பு. அதற்குள் எவ்வளவு சூடு! என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அசைந்தால் விழித்துவிடுவானோ என்று கால் மரத்துப்போனதைப் பொறுத்துக்கொண்டேன். அங்கே பதினொரு பேர் இவனுக்காக ஓடிக்கொண்டிருக்கிறார்கள், இங்கே நான் உட்கார்ந்திருக்கிறேன், இதுவும் ஆட்டத்தில் என் இடம்தான் என்று தோன்றியது. அப்படி எல்லாம் தோன்றுகிற ஆள் இல்லை நான்.

பயிற்சி முடிந்து எல்லாரும் வேர்வைச் சட்டையோடு அப்படியே வந்து சேர்ந்தார்கள். நர்ஸ் விரட்டினாள். நெட்டை அழுதுகொண்டே ஆடினாளாம், ஆனால் ஒரு பந்தையும் கோட்டை விடவில்லையாம். சாயங்காலம் காய்ச்சல் இறங்கிவிட்டது.

கோச் எனக்கு 'வரவில்லை' என்று எழுதியிருக்கிறார். பதினைந்து வருஷத்தில் முதல் தடவை. பெருமையாக இருக்கிறது. என்ன கூத்து இது!

டிசம்பர் 20, சனி

நெட்டையின் நாத்தனார் ஒரு வாரத்துக்கு வந்திருக்கிறார், முதலாளியை வீட்டிலேயே வைத்துக்கொண்டார். இன்று நாங்கள் தாராளமாகக் கத்தலாம். யாரும் கத்தவில்லை. யாரும் முட்டிக்கொள்ளவும் இல்லை. கோச் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பேசுங்கள் என்று அவரும் சொல்லவில்லை.

ஜனவரி 17, சனி

தூக்கம் வரவில்லை, எழுதித்தான் ஆகணும்.

பட்டியலில் முதலிடத்தில் இருக்கிறவர்களின் அரங்கத்தில் ஆட்டம். அங்கே போய் எந்த அணியும் உருப்பட்டதில்லை. கூரை போட்ட அரங்கம், முரசு, ஊதுகுழல், பலகையைத் தட்டுகிற கூட்டம். பக்கத்தில் நிற்கிறவள் சொல்வது கேட்காது. கேட்காவிட்டால் தடுப்பாட்டம் சிதறும். போன வருஷம் நாங்களே அங்கே காது கேளாத கோழிகள் மாதிரி ஓடியிருக்கிறோம்.

இன்று ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே எனக்கு உறைத்தது. எங்களுக்கு அந்தச் சத்தம் ஒரு பொருட்டே இல்லை. எங்களில் யாரும் யாரையும் கூப்பிடவில்லை. நெட்டை ஒரு அடி பின்னால் வைத்தாள் என்றால் வாயாடி ஒரு அடி முன்னால் போயிருப்பாள். நான் திரும்பினால் அங்கே ஒருத்தி இருப்பாள். கூட்டம் தொண்டை கிழியக் கத்தியது. எங்களுக்கு நடுவில் மட்டும் முதலாளி தூங்கிக்கொண்டிருந்தார்.

கடைசி நிமிஷம். ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். பந்து என்னிடம், என் மேல் இரண்டு பேர். நெட்டை எங்கிருந்தோ வந்து ஒரு எதிராளியின் வழியில் கதவு மாதிரி நின்றாள். நான் அவளைப் பார்க்கவில்லை, ஆனால் நிற்கிறாள் என்று தெரியும். கண்ணோரத்தில் ஒரு தோள் திரும்பியது. வெற்றிடத்தில் பந்தை விட்டேன். விட்டபோது அங்கே யாரும் இல்லை. பந்து போய்ச் சேர்ந்தபோது இடதுகை இருந்தாள்.

விழுந்தது.

இதற்கு முன்னால் எத்தனையோ ஆட்டம் ஜெயித்திருக்கிறேன், கோப்பையும் தூக்கியிருக்கிறேன். இப்படி மேல் சிலிர்த்ததில்லை. ஐந்து உடம்பு, ஐந்து விதமான புத்தி, அதில் ஒன்று என் மாதிரி சிடுசிடு. எப்படி ஒரே நேரத்தில் ஒரே விஷயம் தெரிகிறது? யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நினைக்க நினைக்கப் பிரமிப்பாக இருக்கிறது.

பஸ்ஸில் இடதுகை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கால் தளரலை" என்றாள்.

"தெரியும்" என்றேன்.

ஜனவரி 30, வெள்ளி

மேனேஜர் என்னையும் கோச்சையும் கூப்பிட்டார். நெட்டையின் முடிவு நாள். மேஜை மேல் புள்ளிவிவரத் தாள். அவள் எடுத்த புள்ளிகள் குறைவு, பேசி வைத்த புதியவள் இதைப்போல் இரண்டு மடங்கு எடுப்பாள் என்று விரலால் கோடு போட்டுக் காட்டினார். பொய்யில்லை. நெட்டை ஒரு இடத்தில் நிற்பதால்தான் மற்ற நாலு பேருக்கு வழி திறக்கிறது. ஆனால் நின்றதற்குத் தாளில் கட்டம் கிடையாது.

கோச் அதைத்தான் விளக்கினார். நான் தடுப்பாட்டம், வழிமறிப்பு, இடைவெளி என்று ஒரு பிரசங்கம் தயார் செய்து போயிருந்தேன். வாய் திறந்தபோது ஒன்றும் நினைவில்லை.

"அவ போனா குழந்தையும் போயிடும் சார். அப்புறம் நாங்க மறுபடியும் பேச ஆரம்பிச்சிடுவோம்" என்றேன்.

மேனேஜருக்குப் புரியவில்லை. கோச் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பில் தோள் குலுங்கியது. அப்புறம் அவரே திரும்பி, இந்த அணியிலிருந்து ஒருத்தியை நீக்கினாலும் நான் பொறுப்பில்லை என்றார்.

இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்தாயிற்று. ஒரு நிபந்தனையோடு. குழந்தை இனிமேல் கோர்ட்டுக்குள் வரக்கூடாது, ஏதாவது ஆனால் காப்பீடு கிடையாது என்றார் மேனேஜர். நெட்டைக்குச் சொன்னபோது கையெழுத்துக்குச் சிரிப்பதா நிபந்தனைக்கு அழுவதா என்று தெரியாமல் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் உயரத்துக்கு என் தலை அவள் அக்குளில் மாட்டிக்கொண்டது. பரவாயில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

பயிற்சியை இன்று நான் நடத்தினேன். கோச் வெளியே நடைபாதையில் இருந்தார். கோர்ட்டுக்குள்தானே வரக்கூடாது என்று காலையில் அவரே நெட்டை கையிலிருந்து முதலாளியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தார், தட்டிக்கொடுத்தபடி அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்துகொண்டு.

நடுவில் ஏதோ தப்பு கண்ணில் பட்டுவிட்டது போலிருக்கிறது. நின்றார். வாயைத் திறந்தார். தோளைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

அதற்குள் இடதுகை தானாகவே இரண்டடி தள்ளிப்போய் நின்றாள். அவர் தலையாட்டிவிட்டு மறுபடி நடக்க ஆரம்பித்தார்.