பேத்துப் போட்ட பலகைப் பாதை

அன்புள்ள பெரியவனுக்கு,

நீ அங்க உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கியா? இங்க எல்லாரும் சுகம்னு எழுதித்தான் ஆரம்பிக்கணும், இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரல. காய்ச்சல் தலைவலி யாருக்கும் இல்ல, பயப்படாதே. உங்கப்பா செஞ்சு வச்சிருக்கிற வேலையை வேற யார்கிட்டயும் சொல்ல முடியாம உனக்கு எழுதுறேன்.

ஏரியைச் சுத்தி அரசாங்கம் போட்ட பலகைப் பாதைக்கு உங்கப்பா மேஸ்திரியா இருக்கிறதால நம்ம வீட்டுல சாப்பாட்டை விட அந்தப் பேச்சுதான் அதிகம்னு உனக்கே தெரியும். போன மழையில நடுவுல கொஞ்சம் பலகை இத்துப் போச்சு, மாத்தணும்னு கேட்டா, பராமரிப்புக்கு நிதி இல்ல, புதுப் பாதை போடத்தான் இருக்குன்னு ஆபீஸ்ல கையை விரிச்சுட்டாங்க. புதுசுன்னா ரிப்பன் வெட்டலாம், பழசுக்கு ஆணி அடிக்கிறதை எவன் போட்டோ எடுப்பான்! உடனே இவருக்கு மூளை வேலை செஞ்சுது. பழசு இருந்தாத்தானே பராமரிப்பு, இல்லாமப் பண்ணிட்டா புதுசுன்னு கேட்டுக்கலாம்னு ஆளுங்களைக் கூட்டிட்டுப் போய் நல்லா இருந்த பலகையையும் சேர்த்துப் பேத்துப் போட்டுட்டாரு. பணம் வரட்டும், கொஞ்சம் பொறுங்கன்னு தொண்டை கிழியக் கத்தினேன், உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுட்டாரு. இப்ப என்ன ஆச்சு? ஏற்கெனவே பாதை இருந்த இடத்துக்குப் புதுப் பாதை நிதி தர விதியில்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அங்க சேத்துல வெறும் கட்டைங்கதான் நிக்குது.

ஊருக்கு நடக்க வேற இடம் இருக்கு, உன் தங்கச்சிக்கு ஏது? தெருவுல எங்க பார்த்தாலும் படியும் குழியும், யாராவது பின்னாடி நின்னு தள்ளணும். அந்தப் பாதையிலதான் சக்கர நாற்காலியைத் தன் கையாலேயே உருட்டிக்கிட்டு, யாரும் கூட வராதீங்கன்னு எங்களை முனையிலேயே நிறுத்திட்டு ஒரு சுத்து சுத்திட்டு வருவா. திரும்பி வரும்போது முகத்துல ஒரு திமிரு இருக்கும் பாரு, அதைப் பார்க்கத்தான் நான் நிப்பேன். இப்ப அவ அப்பாவை ரெண்டு வார்த்தை திட்டினாலாவது தேவலை. இத்த பலகையில என் சக்கரம் மாட்டிக்கக் கூடாதுன்னு எனக்காகத்தானேப்பா செஞ்சீங்கன்னு சொல்லிட்டா. அதுலேர்ந்து அவரு சரியா சாப்பிடல, யாரோடயும் முகம் கொடுத்துப் பேசல. அடுத்த வருஷம் பார்க்கலாம்னு ஆபீஸ்ல சொல்றதை அவரும் நம்பல, நானும் நம்பல. எனக்கு மனசே விட்டுப் போச்சுடா.

நேத்து அவ வழக்கமா கிளம்புற நேரத்துக்கு, இவரு பழக்க தோஷத்துல பம்பை எடுத்துட்டு வந்து சக்கரத்துக்குக் காத்தடிக்கக் குனிஞ்சாரு. வேணாம்ப்பா, வீட்டுக்குள்ள உருட்ட இதுவே போதும்னா. அவரு பம்பும் கையுமா அப்படியே தரையில உட்கார்ந்துட்டாரு.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, குளிர்ல காதை மூடிக்கிட்டுப் போ. எங்க ரெண்டு பேர் ஆசீர்வாதமும் உனக்கு என்னைக்கும் உண்டு, நல்லா இரு. ஒண்ணு மட்டும் மறந்துடாதே. போன் பண்ணினா எடுத்ததுமே அவகிட்ட, இன்னைக்கு ஏரிக்குப் போனியான்னு கேட்பியே, இனிமே அதைக் கேட்காதே.

உன் நினைப்பாவே இருக்கிற
அம்மா