மாற்றி வாங்கிய இயர்பட்ஸ்

கீலுங்
அக்டோபர் 26, ஞாயிறு மதியம்

அன்பு மகள் ஷின்ரூவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்த ஜெர்மனிக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க கடல்தெய்வம் மாசூ தாயார் துணையிருக்கட்டும். இங்கே மழைக்கும் குறைவில்லை, என் உடம்புக்கும் ஒரு குறைவில்லை. இதில் இரண்டாவது விஷயத்தை நீ நம்ப வேண்டும், அதற்காகத்தான் போனை வைத்துவிட்டுக் காகிதத்தை எடுத்திருக்கிறேன். போனில் உன் குரலைக் கேட்டதும் எனக்குப் பொய்தான் வாயில் வருகிறது. என்னைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டுவிட்டு வரப்போகிறாய் என்று அம்மா சொன்னாள். விடாதே. கடிதம் வரும்வரை பொறு என்று நேற்று நான் அனுப்பிய செய்தி இதற்காகத்தான். எனக்கு ஞாபக மறதி நோய் கிடையாது. முழுவதையும் படித்த பிறகு, நோயாகவே இருந்திருக்கலாம் என்றுகூட உனக்குத் தோன்றலாம்.

மே மாதம் என் பிறந்தநாளுக்கு இயர்பட்ஸ் வாங்கிக்கொள்ளச் சொன்னாயே, அங்கிருந்து ஆரம்பிக்கிறேன். பேஸ்பால் வர்ணனையை நான் வீடு அதிர வைத்துக் கேட்கிறேன் என்று அம்மா புகார் சொல்லி, நீ சொன்ன யோசனை அது. இருவரும் சேர்ந்துதான் கோயில் தெருக் கடைக்குப் போனோம். கடைக்காரப் பெண் இரண்டு ஜோடி எடுத்து வைத்தாள், இரண்டும் கறுப்பு, பெட்டியைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். ஒன்று காதின் வாசலில் சும்மா தொற்றிக்கொண்டிருக்கும், வர்ணனையும் கேட்கும், பக்கத்தில் பேசுவதும் கேட்கும். மற்றது ரப்பர் நுனி வைத்தது, உள்ளே போய் அடைத்துக்கொண்டால் வெளிச்சத்தம் பொட்டுக்கூட வராது. அதைப் போட்டுப் பார்த்தேன். தெருவில் பஸ் போகிறது, சத்தமில்லை. அம்மா வாயசைக்கிறாள், சத்தமில்லை. முப்பத்தொரு வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவனுக்கு அது என்ன சுகம் என்று உனக்கு எப்படிச் சொல்வது. கழற்றியபோது அம்மா அந்தப் பெண்ணிடம், "அது வேண்டாம்மா, இந்தக் கிழக்குரங்கு இப்பவே பாதி செவிடு. நான் கூப்பிட்டா அது காதுல விழணும், முதல்ல காட்டினதையே குடு" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதையே வாங்கினோம். மறுநாள் அவள் மீன் சந்தைக்குப் போன நேரம் பார்த்து நான் தனியாகப் போய் அதைக் கொடுத்துவிட்டு மற்றதை வாங்கி வந்தேன். "வீட்டுல அவங்க ஒத்துக்கிட்டாங்களா மாமா?" என்று அந்தப் பெண் கேட்டாள். அவள்தான் அனுப்பினாள் என்றேன்.

அதன்பிறகு நாலு மாதம் வீட்டில் சண்டையே இல்லை. அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே நாளெல்லாம் பேசுவாள், நான் அவள் முகத்தைப் பார்த்துத் தலையாட்டுவேன், நிறுத்தினால் ம்ம் என்பேன், கேள்விபோல் பார்த்தால் சரி என்பேன். அப்பா இப்பல்லாம் எதிர்த்தே பேசறதில்ல, எவ்வளவு பொறுமையா கேக்கறார் தெரியுமா என்று உன்னிடமும் சொன்னாளாமே. பக்கத்து வீட்டு கோவிடமும் அப்படித்தான் பெருமையடித்தாள். அதை மட்டும் என் காதாலேயே கேட்டேன், அன்றைக்கு சார்ஜ் தீர்ந்துபோயிருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

செப்டம்பரில் ஒரு புதன்கிழமை சாயங்காலம், ஆட்டம் கடைசிச் சுற்று, நம் ஆட்கள் மூன்று பேர் ஓடத் தயாராக நிற்கிறார்கள். அம்மா சமையலறையிலிருந்து வந்து என் முன்னால் நின்று வெகுநேரம் பேசினாள். கண் கலங்கியிருந்தது, வெங்காயத்தாள் நறுக்கினாள் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று தடவை தலையாட்டினேன். அவள் என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். அவள் சொன்னது இது என்று பிறகுதான் தெரிந்தது. தெற்கே தைனானில் பெரியம்மாவுக்கு ஒரு வாரம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார், வெள்ளிக்கிழமை காலை இருவரும் கிளம்புகிறோம், நான் விடியலில் கோயிலுக்குப் போய்விட்டு நேராக ஸ்டேஷனுக்கு வருகிறேன், சட்டை இஸ்திரி போட்டு நாற்காலியில் இருக்கும், எட்டரைக்கு வந்துவிடு, என்னால் தனியாக அக்கா முகத்தைப் பார்க்க முடியாது. வெள்ளிக்கிழமை நான் எழுந்தபோது அவள் இல்லை. தினமும் கோயிலுக்குப் போகிறவள்தானே என்று தூண்டிலை எடுத்துக்கொண்டு அலைதடுப்புச் சுவருக்குப் போய்விட்டேன். போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. அவள் இரண்டு ரயிலை விட்டுவிட்டு நின்றிருக்கிறாள். நான் குளியலறையில் விழுந்துகிடக்கிறேனோ என்று பயந்து பக்கத்து வீட்டு கோவுக்குப் போன் செய்து கதவைத் தட்டச் சொல்லியிருக்கிறாள், தூண்டிலைக் காணோம் என்று அவன் சொன்ன பிறகுதான் தனியாக ரயில் ஏறியிருக்கிறாள். பெரியம்மாவுக்கு மதியம்வரை பேச்சு இருந்ததாம், தங்கச்சி பாவ்சூ வந்துட்டாளா என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். அம்மா போய்ச் சேர்ந்தபோது மூச்சு மட்டும்தான் இருந்தது. மறுநாள் அதுவும் போனது. இதில் ரயில் கதை உனக்குத் தெரியாது, ஏனென்றால் அம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அன்று போனில் அவள் கத்தவில்லை. "மூணு தடவை கேட்டேனே, மூணு தடவையும் தலையாட்டினியே" என்று மட்டும் சொன்னாள். மறந்துவிட்டேன் என்றேன். வாயில் வந்தது அதுதான். அந்த ஒரு சொல்லை அவள் பிடித்துக்கொண்டாள். நாலு மாதத்தில் அவள் சொல்லி நான் செய்யாமல் விட்ட ஒவ்வொன்றும் அவளுக்கு வரிசையாக ஞாபகம் வந்திருக்கிறது. கோபப்பட வேண்டியவள் என்னைப் பார்த்துப் பயப்பட ஆரம்பித்தாள். இந்த மாதத் தொடக்கத்தில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் குடை, கத்தரிக்காய், பஸ் என்று மூன்று வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் வேறு பேசிவிட்டுத் திரும்பக் கேட்டார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்றையும் சொன்னால் பிறகு எப்படி மறந்தாய் என்று அவள் கேட்பாளே. நான் குடை, பஸ் என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். அவள் பிடி இறுகியது. எழுபது வயதில் உன் அப்பன் செய்த காரியம் இது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்தாள், இறங்கும்போது என் சட்டைக் கையைப் பிடித்து இறக்கினாள். ஸ்கேனுக்கு நவம்பரில் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

போன வியாழக்கிழமை மழைக்கு என் மீன்பிடிக் கோட்டை எடுத்துப் போட்டேன். உள்பக்கம் ஏதோ உறுத்தியது. வெள்ளைத் துணி ஒன்று தைத்திருந்தது, அதில் அழியாத மையில் என் பேர், வீட்டு விலாசம், அம்மா நம்பர், கீழே உன் நம்பர், ஜெர்மனிக்கான முன்எண் உட்பட. எழுத்து கோணாமல் இருக்க பென்சிலில் கோடு போட்டு எழுதியிருக்கிறாள். அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் நீ வேலையை விடப்போகிற சேதியைச் சொன்னாள். அவள் சிப்பி கழுவிக்கொண்டிருந்தாள், நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கடையிலிருந்து கத்தரிக்காய் வரைக்கும். எழுந்து அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் ஈரக்கையோடு என் முகத்தைப் பிடித்து, "அப்போ உனக்கு ஒண்ணுமில்லையா? நெஜமாவா? மூணும் ஞாபகம் இருந்துச்சா?" என்று கேட்டாள். இருந்தது என்றேன். தாயே தாயே என்று அழுதுகொண்டே போய் மாசூவுக்கு ஊதுபத்தி ஏற்றினாள். பத்தி பாதி எரிவதற்குள் திரும்பி வந்து நிலைப்படியில் நின்றாள். "அப்போ அக்கா..." என்றாள்.

அன்று உன் அறையில் படுத்தாள். மறுநாள் காலை தைனானுக்குக் கிளம்பிவிட்டாள், வரும் வெள்ளிக்கிழமை பெரியம்மாவுக்கு நாற்பத்தொன்பதாம் நாள் காரியம். நானும் வரட்டுமா என்று கேட்டதற்கு, "வந்தா வா. சமாதானம் பண்ண மட்டும் வராதே" என்றாள். நாளைக் காலை ரயிலில் போகிறேன். பெரியம்மா பிள்ளைகளிடமும் நானே சொல்லிவிடுவதாக இருக்கிறேன், அம்மா தாமதமாக வந்ததற்குக் காரணம் யார் என்று. அவர்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன்.

நீ அம்மாவுக்குப் போன் செய்து அவள் பக்கம் பேசு, எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். உன் வேலை உன்னோடு இருக்கட்டும். வெளியே போகும்போது காதை மூடிக் குல்லாய் போட்டுக்கொள். மாப்பிள்ளைக்கும் உனக்கும் நூறு வயது தாண்டிய வாழ்வு அமையட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. கொஞ்ச நாளாக நீ ஒவ்வொரு போனிலும் காலையில என்ன சாப்பிட்டீங்கப்பா என்று கேட்டாய். பாசம் என்று இருந்தேன், அது பரீட்சை என்றும் என் பதிலை அம்மாவிடம் சரிபார்த்தாய் என்றும் இப்போதுதான் தெரியும். இனி அதைக் கேட்க வேண்டாம் மகளே. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அம்மா ஸ்டேஷனில் எனக்காகக் காத்திருந்த அந்த வெள்ளிக்கிழமை காலை, மேசைமேல் தட்டுப் போட்டு மூடியிருந்த கஞ்சியும், உப்பு முள்ளங்கி போட்ட முட்டையும் சாப்பிட்டேன். கஞ்சி சூடாகவே இருந்தது.

உன் அப்பா
ஜியாங் தியன்லாய்