மாப்பிள்ளை தொடக்கூடாத வாளி

என் பாசத்துக்குரிய மாமா,

நேற்று உங்கள் முதல் வருஷத் திதி முடிந்தது. அத்தை நன்றாக இருக்கிறார்கள், நேற்று இரண்டாம் முறை சாதம் கூடப் போட்டுக்கொண்டார்கள். அதற்கு முன் உங்கள் மொட்டைமாடியில் நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே, அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

முதலில் உங்கள் மேல் எனக்கு ஒரு குறை. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் ஜெயாவும் பெஹாலாவிலிருந்து உங்கள் லேக் கார்டன்ஸ் வீட்டுக்கு வருவோம். நீங்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடியில் குந்தியிருப்பீர்கள். கிடர்பூரில் வாங்கிப் பாதியாக அறுத்த நீல டிரம்களில் செடிகள், பக்கத்தில் மூடி போட்ட ஒரு வாளி. அதில் ஊறிக்கொண்டிருக்கும் கடுகுப் புண்ணாக்கின் நாற்றம் மாடிப்படியிலேயே ஆளை நிறுத்திவிடும். நான் கிட்டே வந்தாலே பதறுவீர்கள்.

"மாப்பிள்ளை, நீங்க இதெல்லாம் தொடக்கூடாது. அப்படி நிழல்ல போய் உக்காருங்க."

உடனே ஒரு நாற்காலி வரும், பின்னாலேயே காபி வரும். நம் ஊர் மாப்பிள்ளை மரியாதை போதாதென்று இந்த ஊர் வழக்கத்தையும் சேர்த்துக்கொண்டீர்கள். மாப்பிள்ளையை அழைத்து விருந்து போட வங்காளிகளுக்கு ஜாமாய் ஷஷ்டி என்று ஒரு நாளே இருக்கிறது என்று தெரிந்ததும், மறுவருஷத்திலிருந்து எனக்கும் ஹிம்சாகர் மாம்பழமும் மிஷ்டி தோய் என்கிற இனிப்புத் தயிரும். தீபாவளிக்கு வேட்டி வேறு. இரண்டு ராஜ்ஜியத்துக்கு ஒரே மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டு, சட்டை அளவுதான் எனக்குக் கூடிக்கொண்டே போனது.

ஆனால் அந்த ஞாயிறுகள் எனக்குப் பிடித்திருந்தன மாமா. வங்கியில் ஆறு நாள் கத்திவிட்டு வருகிறவனுக்கு அந்தக் கொடிப்பந்தல் நிழல் சொர்க்கம். துறைமுக டாக்கில் கப்பல் சரக்குக் காகிதங்களோடு நீங்கள் மல்லுக்கட்டிய கதைகளைச் சொல்லிக்கொண்டே மண்ணைக் கிளறுவீர்கள். எனக்கு உங்கள் முதுகு மட்டும்தான் தெரியும். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே கதை கேட்ட காலம் இப்படித் திடீரென்று முடிந்துபோகும் என்று நான் நினைக்கவே இல்லை.

நீங்கள் போனபின் அத்தையைத் தனியாக விட மனமில்லாமல் நாங்கள் இங்கேயே குடிவந்துவிட்டோம். அத்தை எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அவர்கள் என்னிடம் நேராகப் பேசமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா? நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே ஜெயாவிடம் சொன்னார்கள்.

"உங்க அப்பா திதிக்கு அவரு கொடியில காய்ச்ச பாகக்காதான் இலையில விழணும். மாப்பிள்ளைகிட்ட சொல்லிடுடி."

ஜெயா என்னைப் பார்த்தாள். நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை காலண்டரைப் பார்த்தார்கள்.

நீங்கள் எடுத்து வைத்திருந்த விதையையே போட்டேன். இரண்டு டிரம்மில் பாகல், அடுத்ததில் அவரை. இரண்டுமே நன்றாகத்தான் ஏறின. நானும் பெரிய தோட்டக்காரன் மாதிரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு மாடியில் உலாவினேன். அப்புறம் மழை பிடித்தது. இந்த ஊர் மழைதான் உங்களுக்குத் தெரியுமே, ஆரம்பித்தால் துணி காயாது, செருப்பு காயாது. பாகல் கொடியின் அடி இலைகள் வெளுத்து, மஞ்சளாகி, ஒவ்வொன்றாக உதிர ஆரம்பித்தன. நரைமுடியைப் பிடுங்குவது போல நானும் பிடுங்கினேன். அடுத்தது தயாராக நின்றது.

தண்ணீர் தேங்குகிறதோ என்று டிரம்மில் இன்னும் துளை போட்டேன். வெயில் போதவில்லையோ என்று நகர்த்தி, இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். கொடி நின்ற இடத்திலேயே நின்றது. நுனி மட்டும் நூல் மாதிரி மெலிந்தது. பூ ஒன்றுகூட இல்லை. உங்கள் திதி வரும் ஐப்பசியோ நெருங்கிக்கொண்டிருந்தது. அத்தை தினமும் மாடிப்படி வரை வந்து, ஏறாமல் திரும்பிப் போவார்கள்.

அந்த அவரை மட்டும் ஏன் பச்சைப்பசேல் என்று நின்றது? அதே மண், அதே மழை. அதைப் பிடித்துக்கொண்டுதான் ஃபோனில் தேடினேன். அவரை தனக்கு வேண்டிய நைட்ரஜனை வேரில் குடியிருக்கும் நுண்ணுயிர்களிடமிருந்து வாங்கிக்கொள்ளுமாம். பாகலுக்கு அந்த வசதி இல்லை. தொட்டி மண்ணில் இருந்ததை மழை கழுவிக்கொண்டு போய்விட்டது. நீங்கள் ஞாயிறுதோறும் வாளியிலிருந்து ஊற்றி ஈடுகட்டிக்கொண்டிருந்தது அதைத்தான். இன்னொன்றும் படித்தேன். பற்றாக்குறை வந்தால் அடி இலை தன்னிடம் இருப்பதை நுனிக் கொழுந்துக்கு அனுப்பிவிட்டுத் தான் மஞ்சளாகுமாம். அதற்கு மேல் படிக்க முடியவில்லை, கொஞ்ச நேரம் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

லேக் மார்க்கெட் பக்கம் உரக்கடைக்காரர் யூரியா கொடுத்தார். ஒரே வாரத்தில் பச்சை பிடிக்கும் என்றார். எனக்கும் அவசரம், வாங்கிவந்து சமையல்மேடையில் வைத்தேன். அத்தை அந்தப் பொட்டலத்தை ஒரு பார்வை பார்த்தார்கள். வழக்கம்போல் ஜெயாவிடம்தான் பேசினார்கள்.

"இருக்கிற வரைக்கும் தொடாததை, செத்தப்புறம் அவருக்குப் போடணுமாடி?"

பொட்டலம் அன்றே திரும்பிப் போனது. சரி, புண்ணாக்குதான். ஆனால் எத்தனை நாள் ஊறவேண்டும், எவ்வளவு தண்ணீர் விடவேண்டும்? ஃபோனில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். காரம் அதிகமானால் வேர் வெந்துவிடும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். இருப்பதே இரண்டு கொடி. ஜெயாவுக்குத் தெரியவில்லை, அத்தைக்கும் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு ஞாயிறு, ஒரே ஒரு ஞாயிறு, "மாப்பிள்ளை, இந்த வாளியைப் பிடிங்க" என்று நீங்கள் சொல்லியிருக்கக் கூடாதா? நானாவது எழுந்து வந்திருக்கக் கூடாதா?

கடைசியில் வழி சொன்னது யார் தெரியுமா? மாடிக்கு நேர் கீழ் வீட்டு வங்காளத்து அம்மாள், நம் தத்தா காக்கிமா. வாளி நாற்றத்துக்காக உங்களோடு வருஷக்கணக்காகச் சண்டை போட்ட அதே புண்ணியவதி. மாடிப்படியில் பார்த்தபோது, மஞ்சள் கொடியைச் சொல்லி, புண்ணாக்கு விஷயம் ஒன்றும் புரியவில்லை என்று அரைகுறை வங்காளத்தில் புலம்பினேன். அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

உங்கள் கணக்கு முழுக்க அவர் மூக்கில் இருந்தது மாமா. திங்கட்கிழமை நீங்கள் ஊறப்போடுவீர்களாம். புதன் வரை ஒன்றும் தெரியாதாம். வியாழக்கிழமை ஜன்னலை மூடுவாராம். சனிக்கிழமை ஊதுவத்தி. ஞாயிறு காலை சண்டை போடுவதற்கென்றே மேலே வருவாராம், அதனால் மிச்சமும் தெரிந்திருக்கிறது. தெளிந்த நீரில் ஒரு செம்பு, அதற்கு ஒரு வாளி தண்ணீர், பால் விடாத டீ, அவர் பாஷையில் லிக்கர் சா, அந்த நிறம் வரும்வரை. அதைத் தண்டில் படாமல் ஓரமாக ஊற்றுவீர்களாம்.

துர்கா பூஜைக்கு அவர் பிள்ளை குடும்பத்தோடு வருகிறான் என்று எனக்குத் தெரியும். நாற்றத்தைப் பொறுத்துக்கொள்வீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"போடு ஜாமாய்," என்றார். "ஒரு வருஷமா ஜன்னல் திறந்தே கிடக்கு. எனக்கு அது நல்லாவே இல்லை."

திங்கட்கிழமை ஊறப்போட்டேன். வியாழக்கிழமை கீழே ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது. ஞாயிறு காலை நான் மூடியைத் திறந்ததும் நாற்றம் நம் வீட்டுக்குள் இறங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை உங்கள் கையில் வரும் அதே நாற்றம், எத்தனை சோப்பு போட்டாலும் போகாதே, அதுதான். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒரு வருஷத்துக்குப் பிறகு அத்தை சிரிக்கிறார்கள், சிரித்துக்கொண்டே அழுகிறார்கள். முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி மாடி ஏறி வந்து, நான் ஊற்றி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்கள்.

மஞ்சளான இலைகள் மஞ்சளாகவே போய்விட்டன. ஆனால் நுனிக் கொழுந்து கனத்தது, புது இலை அகலமாக வந்தது, பூஜைக்குள் கொடி முழுக்கப் பச்சை. பிள்ளை குடும்பம் வந்திருந்த வாரம் மட்டும் காக்கிமாவுக்காக வாளிக்கு விடுமுறை கொடுத்தேன். ஆண் பூவாகவே பூத்துக் கொஞ்ச நாள் வெறுப்பேற்றியது. பிறகு பிஞ்சு விட்டது. அதில் பூச்சி கடித்ததும் வெம்பியதும் போக, திதி அன்றைக்கு மூன்று காய் தேறின.

நேற்றுக் காலை குளித்துவிட்டு வந்தேன். ஜெயா வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அத்தை அவளைத் தாண்டி நேரே என்னிடம் வந்தார்கள்.

"நீங்களே போய்ப் பறிச்சிட்டு வாங்க மாப்பிள்ளை. நீங்கதான் பறிக்கணும்."

முகத்தைப் பார்த்து அத்தை என்னிடம் சொன்ன முதல் வேலை இது. மாடியில் பந்தலடியில் நான் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. ஜெயா மேலே வந்து பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

உங்கள் இலையில் பாகற்காய்தான் முதலில் விழுந்தது. கசப்பு சரியாக இருந்ததா மாமா? அத்தை ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "அவரோடதுதான்" என்று மட்டும் சொன்னார்கள். கீழ் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போயிற்று.

இனி ஒரு வாரமும் விடமாட்டேன், இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. இன்று திங்கட்கிழமை. புண்ணாக்கை உடைத்து ஊறப்போட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இப்படிக்கு,
கை நாறும் உங்கள் மாப்பிள்ளை,
சுந்தரம்